வாயாடிப் பிள்ளைகளும் வக்கீல் வேலையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்திவிடுவார்கள். “அக்கா, இவன் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டான். வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?” பிள்ளை அந்த நேரம் பார்த்து வாயே திறக்காது. அது போகட்டும்.

நான் டர்பனில் அட்டர்னி. சின்ன அலுவலகம்தான். உயில், இறந்தவர்களின் சொத்து, சாலை விபத்து இழப்பீடு, விவாகரத்து, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களின் புகார் என்று அன்றாட மனிதர்களின் வழக்குகளே என்னிடம் வருகின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து கம்பெனிகளை வாங்கி விற்க ஒப்பந்தம் எழுதுகிறவர்களின் உலகம் வேறு. அதைப் பற்றி நான் சொன்னால் எடுபடாது. என் வட்டத்தில் பார்த்தவரை, பேச வராததால் இந்தத் தொழிலில் தேறாமல் போனவர் என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. எதிரே இருப்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வராமல், கேட்டதை ஒழுங்காக எழுத வராமல், எழுதியதை உரிய தேதிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வராமல் திணறியவர்கள் நிறையப் பேர்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தென்னாப்பிரிக்காவில் சட்டத் தொழிலுக்கு இரண்டு கிளைகள். அட்டர்னி கட்சிக்காரரை நேரடியாகப் பார்ப்பவர். அட்வகேட் பெரும்பாலும் அட்டர்னி அனுப்பும் ப்ரீஃபை, அதாவது வழக்குக் குறிப்புகளை, வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாடுபவர். 2018 நவம்பரிலிருந்து இரண்டு கிளைகளும் லீகல் பிராக்டிஸ் கவுன்சில் என்ற ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டன. படிப்பு நான்கு வருட எல்எல்பி. அட்டர்னியாக வேண்டுமானால் அதற்குப் பிறகு ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடப் பயிற்சி. சட்டத்தில் இப்போது அதற்கு நீளமாக வேறு பெயர் இருக்கிறது, ஆனால் நாங்கள் எல்லோரும் இன்னும் ஆர்ட்டிகிள்ஸ் என்றுதான் சொல்கிறோம். முழுநேரப் பயிற்சிப் பள்ளியில் ஆறு மாதம் படித்தவர்களுக்கு ஒரு வருடம் போதும். நடுவில் நான்கு தாள் போர்டு எக்ஸாம். அட்வகேட் ஆகிறவர்கள் ஒரு மூத்த அட்வகேட்டிடம் ஒரு வருடம் பியூபிலேஜ் இருக்க வேண்டும்; அந்த வருடத்தில் சம்பளம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பி.எல். முடித்துவிட்டு இங்கே வந்து கோட்டுப் போடலாமா என்று தமிழ்நாட்டிலிருந்து அவ்வப்போது கேட்கிறார்கள். குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இல்லாதவரை இங்கே வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. அந்த விதி செல்லும் என்று 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பலரின் கையில் கோப்பு எதுவும் இருக்காது. பிளாஸ்டிக் கடைப் பைதான் இருக்கும். அதை மேஜைமேல் வைத்து, “எல்லாம் இதுல இருக்கு” என்பார்கள். ஒருமுறை அப்படி வந்த பையில் இருந்தவை: முனிசிபாலிட்டி ரேட்ஸ் (வீட்டு வரி) பில் ஒரு கட்டு, இறுதிச் சடங்கு பாலிசியின் பாதி, தகனச் செலவுக்கான ரசீது, கணவரின் மரணச் சான்றிதழ், 1960களில், இனம் இனமாக மக்களைப் பிரித்து வைத்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின்கீழ் பழைய இடத்திலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் குடியமர்த்தியபோது கொடுத்த தாள், பேத்தியின் பள்ளி ரிப்போர்ட். கடைசியாகச் சொன்னது எப்படி அதில் வந்தது என்று அந்த அம்மாவுக்கே தெரியவில்லை.

என்னிடம் புதிதாக ஆர்ட்டிகிள்ஸ் சேரும் பிள்ளைக்கு முதல் வேலை அந்தப் பைதான். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, நகல் எடுத்து, ஒவ்வொரு தாளும் என்ன, யார் யாருக்கு எழுதியது என்று ஒரு பட்டியல் போட வேண்டும். எல்எல்பியில் அரசியலமைப்புச் சட்டத்தில் டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளைகள் இதை எடுத்ததும் முகம் சுளிப்பார்கள். குமாஸ்தா வேலை என்று நினைப்பு. பட்டியல் போட்டு முடிக்கும்போதுதான் தெரியும், தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் மூன்சாமி, அடையாள அட்டையில் முனுசாமி, வீட்டுப் பத்திரத்தில் முனிசாமி. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய கப்பல் பட்டியல்களில் தொடங்கிய குழப்பம் இது. காதில் விழுந்ததை அவரவர் எழுதி வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் இன்றும் அதற்குப் பிரமாணப் பத்திரம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்காமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அந்த வீடு பேரனின் பெயருக்கு நகராது. இதைக் கண்டுபிடித்தது வாதத் திறமை இல்லை. தாள்களைப் பொறுமையாகப் புரட்டிய கை.

அடுத்தது கேள்வி கேட்பது. ஒருவர் இறந்தால், இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மரண அறிவிப்புப் படிவம் ஜே294. உயில் இல்லாதபோது நெருங்கிய உறவினர் யார் யார் என்று பிரமாணம் செய்யும் படிவம் ஜே192. படிவத்தை நிரப்ப யாருக்கும் தெரியும். ஆனால் அதில் உள்ள ஒரு கட்டத்தை நிரப்ப, அறுபது வயது அம்மாவிடம், “அங்கிளுக்கு உங்களுக்கு முந்தி வேற கல்யாணம் இருந்ததா? வெளியில பிள்ளைங்க உண்டா?” என்று கேட்டாக வேண்டும். பக்கத்தில் மகளும் மருமகனும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எதிரில் கேட்டால் “அதெல்லாம் ஒண்ணும் இல்லை” என்றுதான் பதில் வரும். எட்டு மாதம் கழித்து வேறு ஊரிலிருந்து ஒரு மகன் வக்கீலோடு வந்து நிற்பான். என்னிடம் இருந்த ஒரு பெண், கேப் டவுனில் படித்துவிட்டு வந்தவள், இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்தாள். “அண்ணா, அடையாள அட்டையை கீழே கடையில் நகல் எடுத்துட்டு வர்றீங்களா?” என்று மருமகனை அனுப்பினாள். மகளிடம் பாலிசி கம்பெனிக்கு போன் போடச் சொன்னாள். அலுவலகத்தில் நல்ல நகல் இயந்திரமே இருக்கிறது. அம்மாவும் அவளும் தனியாக இருந்த அந்தப் பத்து நிமிடத்தில் அறிவிப்புப் படிவம் முழுமையானது. இந்தப் பெண் நீதிமன்றத்தில் குரல் நடுங்கப் பேசுபவள். இன்று தனியாக அலுவலகம் வைத்திருக்கிறாள், நன்றாகவே போகிறது.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு கேள்வியும் உண்டு. பழைய தலைமுறையில் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, அரசாங்கத்தில் பதிவு செய்யாத கல்யாணங்கள் ஏராளம். “பதிவு இருக்கா?” என்று கேட்டு, “இல்லை” என்ற பதிலோடு கோப்பை மூடிவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பெரிய அநியாயம் நடந்துவிடும். உயில் எழுதாமல் கணவர் இறந்தால், இந்து முறைப்படி ஒருதார மணம் செய்துகொண்ட மனைவியையும் வாரிசுரிமைச் சட்டத்தில் வாழ்க்கைத் துணையாகவே கொள்ள வேண்டும் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது வந்தது. சட்டப்படி மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ரேண்ட், எது அதிகமோ அது. ஆக, பதிவு இல்லை என்றதும் அடுத்த கேள்வி தயாராக இருக்க வேண்டும்: எந்தக் கோயில், எந்த ஐயர், கல்யாணப் படம் யார் வீட்டில் இருக்கிறது, பந்தியில் பரிமாறியவர்களில் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்?

பெரிய வழக்குகளும் இதே மாதிரி சின்ன விவரங்களில்தான் நிற்கின்றன. டர்பனில் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவி மூக்குத்தி போடக் கூடாது என்று தொடங்கிய தகராறு 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், மாணவியின் பக்கம் தீர்ப்பானது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்க் குடும்பம். மதமும் பண்பாடும் சமத்துவமும் என்று எவ்வளவோ பெரிய சொற்கள் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் அடியில் இருந்தது ஒரு வீட்டு வழக்கம்: பெண் வயதுக்கு வந்ததும் மூக்குக் குத்துவது, பதினாறு வயதில் பாட்டி தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவது. இதை மாணவியின் அம்மா பள்ளிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கி வைத்திருக்கிறார். அது எழுதப்படாமல் போயிருந்தால் தலைமை நீதிபதி பயஸ் லாங்காவுக்கு எதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியும்?

லாங்கா என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டர்பனில் சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். நீதித் துறையில் மொழிபெயர்ப்பாளராகவும் ஏவலாளாகவும் சேர்ந்து, யூனிசா பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் படித்து, அரசு வழக்கறிஞர், மாஜிஸ்திரேட் என்று உயர்ந்து, 1977இல் அட்வகேட் ஆனார். 2005இல் தலைமை நீதிபதி. எத்தனையோ வருடம் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, யாரோ சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இன்னொரு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தவர். சட்டக் கல்லூரியில் கிடைக்காத பயிற்சி அது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் இந்தத் தொழிலின் மிகப் பழைய கதைகளில் ஒன்றும் ஒரு மொழிபெயர்ப்பில்தான் தொடங்குகிறது. 1894இல் காந்தி, டர்பன் இருக்கும் நேட்டாலில் வக்கீலாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது நேட்டால் சட்டச் சங்கம் எதிர்த்தது, நீதிமன்றம் சேர்த்துக்கொண்டது. தொழில் தொடங்கிச் சில மாதங்களிலேயே பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, கிழிந்த துணியோடு, முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, முண்டாசைக் கையில் பிடித்தபடி அவர் அலுவலகத்துக்கு வந்து அழுதார். அடித்தவர் அவருடைய வெள்ளைக்கார எஜமானர். பாலசுந்தரம் பேசியது தமிழ். காந்திக்கு அதைச் சொன்னவர் அலுவலகத்தில் இருந்த தமிழ்க் குமாஸ்தா.

இதை எல்லோரும் சத்தியாக்கிரகத்தின் முன்கதையாகச் சொல்வார்கள். நான் ஆர்ட்டிகிள்ஸ் பிள்ளைகளுக்கு வேலை முறைக்காகச் சொல்கிறேன். காந்தி முதலில் செய்தது பாலசுந்தரத்தை ஒரு டாக்டரிடம் அனுப்பி, காயத்துக்குச் சான்றிதழ் வாங்கியது. ரத்தம் காய்வதற்கு முன் ஆதாரம் கைக்கு வந்துவிட்டது. அடுத்து நேரே மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய்ப் பிரமாணப் பத்திரம். மாஜிஸ்திரேட் கொதித்துப்போய் எஜமானருக்குச் சம்மன் அனுப்பினார். இங்கேதான் பெரும்பாலான இளம் வக்கீல்களுக்குக் கை பரபரக்கும். எஜமானரைக் கூண்டில் ஏற்றிவிடலாம். காந்தி சட்டத்தைப் படித்துப் பார்த்தார். ஒப்பந்தக் கூலி, எஜமானரை விட்டு ஓடினால் சிறைதான். எஜமானருக்குத் தண்டனை கிடைத்தாலும் பாலசுந்தரம் திரும்ப அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதனால் அந்த ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றுவதுதான் வழி என்று கண்டு, அதற்கு எஜமானரைச் சம்மதிக்க வைத்து, புது எஜமானர் ஒருவரையும் தேடிப் பிடித்தார். கட்சிக்காரருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே சட்டப் புத்தகத்தைத் திறந்த ஒரு கத்துக்குட்டி வக்கீல். இதில் ஆவேசப் பேச்சு எங்கேயாவது இருக்கிறதா?

அந்தத் தமிழ்க் குமாஸ்தாவின் இடத்தில் இன்று டர்பனில் யார் இருக்க வேண்டும் என்று கேட்டால், ஜூலு மொழி தெரிந்தவர் என்பேன். சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்திலேயே ஜூலு மக்கள் வாழும் உம்லாசி. என் கட்சிக்காரர்களில் பாதிக்கு மேல் ஜூலு பேசுகிறவர்கள். நம்மவர்களில் தமிழ் பேசும் பாட்டி தாத்தாமாரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் இங்கிலீஷ்தான். ஜூலு என்றால் கடையில் பேரம் பேசும் அளவுக்கு. 2014 முதல் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் ஜூலு தெரியாமல் சேருகிறவர்கள் அதை ஒரு பாடமாகப் படித்தே ஆக வேண்டும். அது தேவையா என்று அப்போது நம் வீடுகளில் முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால் ஒரு பாடம் போதாது. உயர் நீதிமன்றத்தில் நடப்பதைப் பதிவு செய்யும் மொழி இங்கிலீஷ் மட்டும் என்று 2017இல் முடிவாகிவிட்டது. அதனாலேயே, கட்சிக்காரர் ஜூலுவில் சொல்வது இங்கிலீஷ் பிரமாணப் பத்திரமாக மாறும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் தெரிய வேண்டும். பிரமாணம் செய்து வைப்பவர் கேட்டாக வேண்டிய மூன்று கேள்விகளில் முதலாவதே, இதில் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியுமா, புரிகிறதா என்பதுதான். புரியாத மொழியில் எழுதிய தாளைக் காட்டி அதைக் கேட்டு, தலையாட்டலை வாங்கிக்கொண்டு முத்திரை குத்துகிறவர்கள் இல்லாமல் இல்லை.

தேதிகளுக்கு வருகிறேன். சட்ட அலுவலகத்தில் தூக்கத்தைக் கெடுப்பது எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை, காலண்டர். அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ என்ற அமைப்புக்கு முப்பது நாளுக்குள் போக வேண்டும். போலீஸ், அரசு மருத்துவமனை போன்றவற்றின்மேல் நஷ்டஈடு கேட்பதானால் ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ். சாதாரணக் கடன் மூன்று வருடம். சாலை விபத்தில் இடித்த வண்டி எது என்று தெரிந்தால் மூன்று வருடம். இடித்துவிட்டு ஓடிப்போய் வண்டி எது என்றே தெரியாவிட்டால் இரண்டு வருடம்தான். சம்மன் வந்த பிறகு வழக்கை எதிர்க்கப்போகிறோம் என்று நோட்டீஸ் கொடுக்கப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை சேராது. ஏப்ரலில் ஈஸ்டரும் சுதந்திர தினமும் அடுத்தடுத்து வரும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள், தெரியும். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் “என்ன நடந்தது” என்பதற்கு முன்னால் “எப்போது நடந்தது” என்று கேட்கச் சொல்வேன். பதிலைக் கேட்ட கையோடு டைரியில் மூன்று இடத்தில் குறிக்க வேண்டும்: கடைசி நாள், அதற்கு ஒரு மாதம் முன், மூன்று மாதம் முன். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், சுவரிலும் இருக்கட்டும். மின்சாரம் மணிக்கணக்கில் போய்க்கொண்டிருந்த வருடங்களை நாம் பார்த்துவிட்டோம்.

படிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் ஒரு விஷயம் நடந்தது. மேல்முறையீட்டு அனுமதிக்கான மனுவில் காட்டியிருந்த ஒன்பது முன்தீர்ப்புகளில் இரண்டைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மற்றவை உலகத்திலேயே இல்லாத வழக்குகள். மனுவைத் தயாரித்ததில் ஓர் ஆர்ட்டிகிள்ஸ் பெண்ணுக்குப் பங்கு இருந்தது, மூத்தவர்கள் சரிபார்க்கவில்லை. நீதிபதி அந்த அலுவலகத்தை லீகல் பிராக்டிஸ் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டார். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுப்பதை அப்படியே ஒட்டுவது பற்றி அந்தத் தீர்ப்பில் நீதிபதி நிறையவே சொல்லியிருக்கிறார். இதில் எனக்கு இயந்திரத்தின்மேல் கோபம் வரவில்லை. சாஃப்லீ என்ற இணையதளத்தில் தென்னாப்பிரிக்கத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வழக்கின் பெயரைத் தட்டினால் வந்துவிடும். வராவிட்டால் அதுவே ஒரு செய்தி. தீர்ப்பை முதல் பாராவிலிருந்து கடைசிப் பாரா வரை தானே படித்த பிறகுதான் அதை மேற்கோள் காட்டுவது என்ற பழக்கம் இருந்தால், இயந்திரத்தையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இல்லாதவர் முன்பு பாடப் புத்தக அடிக்குறிப்பைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

போர்டு எக்ஸாமின் நான்கு தாள்களில் நீதிமன்ற நடைமுறை, உயிலும் இறந்தவர் சொத்தும், தொழில் நடத்தையும் ஒப்பந்தமும் என்று மூன்று. நான்காவது கணக்கு. சட்டம் படித்த பிள்ளைகள் பயந்து நடுங்குவது அதற்குத்தான். கட்சிக்காரரின் பணம் ட்ரஸ்ட் கணக்கில், நம் பணம் வேறு கணக்கில். ஒரு ரேண்ட்கூட இதிலிருந்து அதற்குத் தவறிப் போகக் கூடாது. வக்கீல்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் செய்தியைப் படிக்கும்போது கவனியுங்கள், வாதத்தில் தோற்றதற்காக யாரையும் நீக்குவதில்லை. பெரும்பாலும் ட்ரஸ்ட் பணத்தில் கை வைத்ததற்காகத்தான். காந்தியே, பிரிட்டோரியாவில் நடந்த, வியாபாரி தாதா அப்துல்லாவின் வழக்குக்காக வந்தபோது, வழக்கு முழுக்கக் கணக்குவழக்காக இருந்ததால், கணக்கெழுதும் புத்தகம் ஒன்றை வாங்கி உட்கார்ந்து படித்தார். பி. நோட் என்றால் பிராமிசரி நோட், அதாவது கடனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு, என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. அவருக்கு வந்தது நம் பிள்ளைகளுக்கும் வரும். பள்ளியில் அக்கவுண்டிங் எடுத்த பிள்ளை என்றால் நான் கொஞ்சம் கூடுதல் சந்தோஷப்படுவேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, தைரியம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நவி பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பன் கிளேர்வுட்டில் வளர்ந்தவர், அப்பா பஸ் ஓட்டியவர், தமிழ்க் குடும்பம். ஆறு வயதில், அப்பாவின் சம்பளமான ஐந்து பவுண்டை எடுத்துப் போகும்போது ஒருவன் பறித்துக்கொண்டான். சிறுமி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. ஐந்து பவுண்டு வரவில்லை. படிப்புக்கு ஊரார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இனவெறி அரசின் தடையுத்தரவுகளைச் சந்தித்த என்.டி. நாயக்கரிடம் ஆர்ட்டிகிள்ஸ் செய்தார். வேலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத நிலையில் 1967இல் சொந்தமாக அலுவலகம் திறந்தார். நேட்டாலில் வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அப்படித் திறந்தது அதுதான் முதல் முறை. 1973இல், ரோபன் தீவுச் சிறையில் இருந்த அரசியல் கைதிகள் வக்கீலைப் பார்க்கும் உரிமையை வழக்காடி வாங்கித் தந்தார். அத்தனை வருடத்திலும் நீதிபதியின் தனி அறைக்குள் நுழைய அவருக்கு அனுமதி இல்லை. 1995இல் அதே உயர் நீதிமன்றத்தில் தற்காலிக நீதிபதியாக உட்கார்ந்தபோதுதான் முதன்முதலாக அந்த அறைக்குள் போனார். பிறகு ருவாண்டா தீர்ப்பாயம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், ஐ.நா. மனித உரிமை ஆணையர் பதவி என்று போனது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சட்டம் படிக்க வருகிறார்கள். வரட்டும். ஆனால் ருவாண்டா தீர்ப்பாயத்தில் 1998இல் வந்த அகாயேசு தீர்ப்பை யாராவது எடுத்துப் படித்துப் பாருங்கள். வன்புணர்ச்சியும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று முதன்முதலாகச் சொன்ன தீர்ப்பு. பக்கம் பக்கமாக, எந்தச் சாட்சி எந்த இடத்தில் என்ன பார்த்தார், எப்போது பார்த்தார் என்று போகும். அந்தப் பெண்கள் சொன்னதை யாரோ உட்கார்ந்து கேட்டார்கள்.

அனுபவம் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த தொல்லை. ஆர்ட்டிகிள்ஸ் கிடைக்க அனுபவம் கேட்கிறார்கள், அனுபவம் கிடைக்க ஆர்ட்டிகிள்ஸ் வேண்டும். படிக்கும்போதே குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இருக்கும் சட்ட உதவி மையத்தில் சேருங்கள். காசில்லாத கட்சிக்காரர்கள் அங்கே வருகிறார்கள், பையும் வரும். 1980களில் நேட்டால் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்ட்ரீட் லா திட்டத்தில், சட்ட மாணவர்கள் பள்ளிகளுக்குப் போய்ச் சட்டத்தைச் சாதாரணமாகச் சொல்லித்தர வேண்டும். பதினைந்து வயதுப் பையனுக்கு ஜாமீன் என்றால் என்ன என்று விளக்க முடிந்தால் நீதிபதிக்கும் விளக்கலாம். இரண்டும் அமையாவிட்டால், விடுமுறையில் பக்கத்து நீதிமன்றத்தின் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்காருங்கள். யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

என்னிடம் ஆர்ட்டிகிள்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு நான் வைக்கும் நேர்முகம் எளிது. பழைய கோப்பு ஒன்றிலிருந்து, பெயர்களை மறைத்த தாள்கள் கொஞ்சம் கொடுப்பேன். கட்சிக்காரருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதித் தர வேண்டும்: உங்கள் நிலைமை இது, அடுத்து இதைச் செய்வோம், இவ்வளவு செலவாகும், இந்தத் தேதிக்குள் இந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். பெரும்பாலோர் லத்தீனில் தொடங்குவார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற ஓர் ஆயா இதைப் படித்தால் புரியுமா என்று கேட்டதும் சிலர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் மறுபடி எழுதி வருவார்கள். அந்தச் சிலரைத்தான் எடுக்கிறேன். மதிப்பெண் பட்டியலைப் பிறகு பார்க்கலாம்.

கடைசியாக, எந்தக் கல்லூரியும் சொல்லாத ஒன்று. ஆர்ட்டிகிள்ஸ் விளம்பரங்களில் எல்எல்பிக்கு அடுத்த வரியில் ஓட்டுநர் உரிமமும் சொந்தக் காரும் கேட்டிருப்பார்கள். காலையில் வெருலம் நீதிமன்றம், பதினொரு மணிக்கு, நீதிமன்றத் தாள்களை உரியவரிடம் சேர்க்கும் ஷெரீஃப் அலுவலகம், மதியம் டர்பன் ரெஜிஸ்திரார் ஜன்னலில் வரிசை என்று ஓட வேண்டியது அந்தப் பிள்ளைதானே. கார் கேட்பது அநியாயம், ஏழை வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துகிற வேலை. நான் கேட்பதில்லை, பஸ் காசு கொடுக்கிறேன். ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. உரிமத்துக்கான டெஸ்ட் தேதி கிடைப்பதற்குள் ஒரு செமஸ்டர் ஓடிவிடும். அதனால் மூன்றாம் வருடத்திலேயே லேர்னர்ஸ் எழுதிவிடுங்கள். இரண்டு வருடம் செல்லும். மாமாவிடமோ சித்தப்பாவிடமோ கெஞ்சி ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.